முதல் நாள் விற்ற பதநீர்

கடை திறந்த அன்று காலை ஊரே பல் விளக்காமல் வந்து நின்றது என்று எழுதினால் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் நஞ்சப்பா பல் விளக்காமல் வந்தார். வேப்பங்குச்சி அவர் வாயிலேயே இருந்தது.

மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு போகிற ரோட்டில், ஒரு புளியமரத்தை ஒட்டி எங்கள் கொட்டகை. புதுக் கீற்று இன்னும் பச்சை வாடை அடித்தது. நான்கு பெஞ்சு, ஒரு மரத் தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் வரிசையாகப் பத்துக் கலயம். மண் மொந்தைகளை முந்தின நாளே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன். அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

நான் பிறந்து விவரம் தெரிந்த நாளாக எங்கள் பக்கம் மதுவிலக்கு. அரசாங்கமே லைசென்ஸ் கொடுத்துக் கள்ளுக்கடை திறக்கச் சொன்ன முதல் நாள் அது. இத்தனை வருஷம் கரும்புக் காட்டிலும் கிணற்று மேட்டிலும் ஒளிந்து குடித்தவர்கள், அன்றைக்குத் துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். சம்பந்தி வீட்டுக்கு வந்த மாதிரி ஒருவருக்கொருவர் இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.

முதல் மொந்தை நஞ்சப்பாவுக்கு என்று முடிவானது. வயதில் மூத்தவர். கன்னடம் பேசுகிற குடும்பம், கேழ்வரகும் தக்காளியும் போடுகிற சம்சாரி. கள்ளை அவர் 'ஹெண்டா' என்றுதான் சொல்வார். மொந்தையை இரண்டு கையாலும் வாங்கி, ஒரு சொட்டு தரையில் விட்டுக் கும்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

கண்ணைத் திறந்தவர் மீசையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இது பதநீம்மா."

நான் நம்பவில்லை. அதே கலயத்தில் ஊற்றிக் குடித்துப் பார்த்தேன். தித்திப்பு. அடிநாக்கில் லேசான சுண்ணாம்புக் காரல். அடுத்த கலயம், அதற்கு அடுத்தது என்று பத்தையும் பார்த்துவிட்டேன். பத்தும் பதநீர். கள்ளுக்கடை திறப்பு விழாவுக்கு வந்த கூட்டத்துக்குக் கொடுக்க என்னிடம் ஒரு சொட்டுக் கள் இல்லை.

முதலில் ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். பச்சைக் குழந்தைக்குக் கூடக் கொடுக்கலாம், பயமில்லாத கடை என்று யாரோ சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மரமேறி மாதையன் அண்ணன் கலயங்களுக்குப் பின்னால் குந்தியிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், நெஞ்செல்லாம் மரம் உரசிக் காய்த்துப்போன மனிதர். அவர் என் முகத்தைப் பார்க்காமல் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் தடவல தங்கச்சி," என்றார். "கைதான் தடவிடுச்சு."

ஒரு விரல் சுண்ணாம்பு

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தென்னம்பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டினால் சாறு சொட்டும். சும்மா விட்டால் விடிவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் புளிக்காது, பதநீராகவே நிற்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்புதான்.

மதுவிலக்குக் காலத்தில் மாதையன் அண்ணன் பதநீர் இறக்க அனுமதிச் சீட்டு வைத்திருந்தவர். அதிகாரிகள் நினைத்த நேரத்தில் வருவார்கள். கலயத்துக்குள் விரலை விட்டுப் பார்ப்பார்கள். விரல் வெள்ளையாக வராவிட்டால் கேஸ்.

ஒரு தடவை, ஒரே ஒரு கலயத்தில், அவர் மறந்துபோனார். குடிக்கவோ விற்கவோ செய்த தவறல்ல. காய்ச்சலோடு ஏறியிருக்கிறார், மறந்திருக்கிறார். சேலம் ஜெயிலுக்குப் போனார். அவர் உள்ளே இருந்தபோதுதான் அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம் நடந்தது. தாரை வார்த்துக் கொடுக்க வேண்டிய கை அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

திரும்பி வந்த பிறகு அவர் மறந்ததே இல்லை. இடுப்பில் ஒரு சுரைக்குடுக்கை, அதில் குழைத்த சுண்ணாம்பு. மரத்தில் ஏறி உட்கார்ந்ததும், மனசு எங்கே இருந்தாலும், விரல் தானாகக் குடுக்கைக்குள் போய்விடும். அத்தனை வருஷம் பழகிய கையிடம் "இனிமேல் கள்ளு இறக்கலாம், அரசாங்கமே சொல்லிவிட்டது" என்று யாரும் சொல்லவில்லை.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தோன்றவில்லை. வாய்க்கு வந்தபடி ஏசினேன். என் வீட்டுக்காரர்தான் என்னை நிறுத்தினார்.

கடிதம் எழுதிய அம்மாவுக்கு

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன். போன வாரம் இந்தத் தொடரில் என் வீட்டுக்காரரின் தொப்பூர் கணவாய் விபத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஓர் அம்மா கடிதம் போட்டிருக்கிறார். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவப் பெண் கள்ளுக்கடை நடத்தக் கூசவில்லையா என்று கேட்டிருக்கிறார். கையெழுத்து நன்றாக இருக்கிறது. கேள்வியும் நியாயமானதுதான்.

கூசியது அம்மா. எங்கள் பங்குச் சாமியார் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் என்னைத்தான் சொன்னார். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் தொண்டையைச் செருமினார்கள். நான் எழுந்து போகவில்லை. அடுத்த ஞாயிறும் அதே முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

ஆனால் என் அப்பாவைப் பற்றிச் சாமியாருக்குத் தெரியாது. மதுவிலக்கு என்று சொல்லப்பட்ட அந்தக் காலத்தில்தான் அவர் குடித்தார். யாரோ எதிலோ காய்ச்சிய திருட்டுச் சாராயம். ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்கு வந்து, "ஏன் வெளக்கு வெக்காம இருக்கீங்க" என்று கேட்டார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் அவருக்குப் பார்வை வரவில்லை. எங்கள் காட்டை அப்பாவுக்குப் பதிலாக அம்மா உழுதாள்.

குடிக்கிறவன் குடிக்கத்தான் போகிறான், அவனுக்குக் கண்ணைப் பிடுங்காத ஒன்றைக் கொடுக்கலாம் என்பதுதான் என் எண்ணம். இது சரியா தவறா என்று கடவுள் என்னைக் கேட்கட்டும், நான் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொரு காரணம் வயிறு. விபத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரர் சவரிமுத்துவுக்கு இடது கால் முழங்காலோடு நின்றுவிட்டது. லாரி ஓட்டியவர் பெஞ்சில் உட்கார்ந்து என்ன செய்வார்? உட்கார்ந்தபடி செய்கிற வேலையாக ஊரில் இருந்தது கடை வைப்பதுதான். கள்ளுக்கடை ஏலம் என்று தண்டோரா போட்டபோது, என் கழுத்தில் கிடந்ததையும் அவர் கைக்கடிகாரத்தையும் வைத்து எடுத்தோம். பெரிய காண்ட்ராக்டர்கள் பெரிய ஊர்களை எடுத்துக்கொண்டு போனார்கள். யாருக்கும் வேண்டாத சின்னக் கடை எங்களுக்குக் கிடைத்தது. இரண்டு பேருக்கும் அதை விட்டால் வேறு போக்கில்லை.

தாழ்வாரத்தில் தொங்கிய குடுக்கை

முதல் நாளுக்குத் திரும்புகிறேன். நான் ஏசி முடித்ததும் சவரி ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு மாதையன் அண்ணனிடம் போனார். அவருடைய இடுப்பிலிருந்த சுண்ணாம்புக் குடுக்கையை அவிழ்த்தார். பெஞ்சு மேல் ஒற்றைக்காலில் ஏறி, கடை வாசல் மூங்கிலில் அதைக் கட்டித் தொங்கவிட்டார்.

"இது இங்க இருக்கட்டும்ண்ணா," என்றார். "கை தேடுச்சுன்னா, இல்லன்னு தெரிஞ்சுக்கும்."

பிறகு வந்தவர்கள் பக்கம் திரும்பி, இன்றைக்குப் பதநீரைச் சும்மா குடித்துவிட்டுப் போங்கள், நாளைக்கு வாருங்கள் என்றார். கருவாட்டுக் குழம்புக்கும் பதநீருக்கும் சேர்ந்ததா என்று கேட்காதீர்கள். எல்லாம் தீர்ந்துவிட்டது.

பழைய கலயங்களில் சுண்ணாம்பு ஊறிப்போயிருந்தது. அவற்றை ஓரம் கட்டிவிட்டுப் புதுக் கலயம் வாங்கினோம். மறுநாள் காலை கள் நுரைத்துக்கொண்டு வந்தது. நஞ்சப்பா குடித்தார். இந்தத் தடவை ஒன்றும் சொல்லாமல் மொந்தையைத் திரும்ப நீட்டினார். அப்படித்தான் எங்கள் கடை நடக்க ஆரம்பித்தது.

என் கடையில் ஒரு சட்டம் உண்டு. ஓர் ஆளுக்கு மூன்று மொந்தை. நாலாவது கிடையாது. மந்திரி வந்தாலும் கிடையாது. மூன்றாவது கேட்பவர் முதலில் ஏதாவது சாப்பிட்டிருக்க வேண்டும். வேகவைத்த மரவள்ளி, கொள்ளுச் சுண்டல், கருவாடு, ஞாயிற்றுக்கிழமை கோழி. களை பறிக்கப் போகிற பெண்களும் வந்து உட்கார்ந்து, ஒரு மொந்தை குடித்து, ஒரு தட்டுச் சாப்பிட்டுப் போவார்கள். அவர்களுக்குத் தனி பெஞ்சு. அந்தப் பெஞ்சுப் பக்கம் எவனாவது வாயை விட்டால் அகப்பை பறக்கும்.

மாரண்டஹள்ளியில் பன் போடுகிற ஒருவர் தினமும் தூக்குப்போணியோடு வருவார். மாவு புளிக்க வைக்கக் கள் வேண்டும் அவருக்கு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தின்ற பன்னெல்லாம் என் கடையில்தான் உப்பியது. பங்குச் சாமியார் காலையில் காப்பியில் நனைத்துச் சாப்பிட்டதும் அதே பன்தான். நான் சொன்னதில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

எதிர்க்கடை

ஒரு வருஷம் போயிருக்கும். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் சிமெண்ட் தரை போட்ட கட்டடம் ஒன்று எழும்பியது. சாராயக்கடை. எடுத்தவருக்கு இங்கிருந்து ஓசூர் வரை கடைகள். அவர் பெயரை எழுதப் போவதில்லை. ஊரில் எல்லோரும் பத்துக்கடையார் என்றோம், நானும் அப்படியே சொல்கிறேன்.

சாராயத்துக்கு மரம் ஏற வேண்டாம், மழை பார்க்க வேண்டாம். பீப்பாயில் வந்து இறங்கும். எங்கள் மூன்று மொந்தை செய்கிற வேலையை அங்கே ஒரு கிளாஸ் செய்யும். போதாததற்கு ரேடியோ. ஒரு மாதத்துக்குள் என் பெஞ்சுகளில் பாதி காலி.

பத்துக்கடையார் நல்ல மரியாதைக்காரர். நேரில் வந்து, என் கருவாட்டுக் குழம்பைப் பாராட்டிவிட்டு, லைசென்சைத் தனக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு அவருடைய கடையிலேயே சமையலுக்கு வந்துவிடச் சொன்னார். சவரி சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டிக் குழம்பு ஊற்றச் சொன்னார். அதுதான் பதில் என்று அவருக்குப் புரிந்தது.

அப்புறம் மரமேறிகள் போனார்கள். வியாபாரம் பிடித்த பிறகு நாங்கள் புதிதாகச் சேர்த்திருந்த இருவரையும் தன் மற்றக் கடைகளுக்கு இழுத்துக்கொண்டார். மாதையன் அண்ணனையும் கூப்பிட்டிருக்கிறார். அவர் போகவில்லை. கேட்டதற்கு, "என் குடுக்க அங்க இல்லியே," என்று வாசலைக் காட்டினார். அதன் பிறகு காலையும் மாலையும் எல்லா மரத்தையும் அவர் ஒருவரே ஏறினார். அந்த வயதில், அத்தனை மரம்.

அந்தச் சமயத்தில் ஒரு வியாபாரி பொட்டலத்தோடு வந்தான். வெள்ளைப் பொடி. ஒரு கலயத்துக்கு ஒரு சிட்டிகை போட்டால் ஒரு மொந்தையே ஆளைச் சாய்த்துவிடும், எதிர்க்கடைக்குப் போனவனெல்லாம் திரும்பி வந்துவிடுவான் என்றான். சில ஊர்களில் போடத்தான் செய்தார்கள். எனக்கு அப்பா விளக்கைக் கேட்ட மத்தியானம் ஞாபகம் வந்தது. பொட்டலத்தை அடுப்பில் போட்டேன். அவன் காசு கேட்டான். அகப்பையைக் காட்டினேன்.

நஞ்சப்பாவை இழந்ததும் அப்போதுதான். பேரனுக்குக் காது குத்திய அன்று சொந்தக்காரர்களோடு வந்தார். மூன்று மொந்தை முடித்து நாலாவது கேட்டார். கொடுக்க மாட்டேன் என்றேன். இன்றைக்கு ஒரு நாள் என்றார். மாட்டேன் என்றேன். சம்பந்திக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நஞ்சப்பா முகம் கறுத்துவிட்டது.

"இனி உன் கடை மண்ண மிதிச்சா என்னன்னு கேளு," என்று எழுந்து, நேராக ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போனார். சொன்ன சொல்லை ஒரு வருஷத்துக்கு மேல் காப்பாற்றினார். எதிரே உட்கார்ந்துகொண்டு என் கடையைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அது வலித்தது. ஆனால் அன்றைக்கே திரும்ப வந்து கேட்டிருந்தாலும் நாலாவதைக் கொடுத்திருக்க மாட்டேன்.

கடையை மரவள்ளியும் சுண்டலும் தாங்கின. களை பறிக்கிற பெண்கள் தாங்கினார்கள். எதிர்க்கடையில் குடித்துவிட்டுச் சாப்பிட மட்டும் இங்கே வந்தவர்களும் தாங்கினார்கள். சோற்றில் நான் பாரபட்சம் பார்த்ததில்லை.

மறுபடி பூட்டு

கடை எடுத்து மூன்று வருஷம் ஆகியிருக்கும். கள்ளுக்கடைகளையெல்லாம் மூட வேண்டும் என்று உத்தரவு வந்தது. கொஞ்ச நாளில் சாராயக்கடைக்கும் அதே கதிதான் என்று பேசிக்கொண்டார்கள். பத்துக்கடையார் முந்திக்கொண்டு எதிர்க்கடையைக் காலி செய்தார். அவருக்கு ரைஸ் மில் இருந்தது, லாரி இருந்தது. பீப்பாய்களை ஏற்றும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

எங்களுக்குக் கொட்டகை ஒன்றுதான். சவரி துடைத்த பெஞ்சையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். மாதையன் அண்ணன் அரிவாளைத் துடைத்து வைத்துவிட்டு, மகள் ஊருக்குப் போய்விடலாமா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. கண்ணைத் தூக்கினேன். வாசல் மூங்கிலில், தூசி படிந்து, குடுக்கை தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னங்க," என்றேன். "மொத நாளு வித்தோமே, அதையே விப்போம்."

இருவரும் என்னையே பார்த்தார்கள். பிறகு சவரி மெல்லச் சிரிக்க ஆரம்பித்தார்.

சிரித்துவிட்டால் ஆயிற்றா? பதநீர் இறக்கவும் அனுமதி வேண்டும். இரண்டு பேரும் பஸ் ஏறிப் பாலக்கோட்டுக்கு நடையாய் நடந்தோம். சவரியின் ஊன்றுகோல் அந்த ஆபீஸ் படிகளைத் தேய்த்தது. கடைசியில் ஓர் அதிகாரி காகிதக் கட்டைப் புரட்டிவிட்டு, முடியாது என்றார். மரம் ஏறுகிற மாதையன் மேல் பழைய கேஸ் இருக்கிறதாம். சுண்ணாம்பு தடவாத கேஸ். வேறு ஆளைப் போட்டு மனுக் கொடுங்கள் என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சவரி பேசினார். அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"அந்தக் கேஸு இருக்கறதாலதாங்க அவரு வேணும்ன்றேன். பொண்ணு கல்யாணத்தையே அதுக்குக் குடுத்துட்டு வந்த மனுசன். அவரவிட யாருங்க சுண்ணாம்ப நெனப்புல வெச்சிருப்பாங்க?"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, மூவரும் சேர்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். ஒரு கலயம், ஒரே ஒரு கலயம் புளித்திருந்தாலும் அனுமதி அன்றோடு ரத்து, மாதையன் மறுபடி ஜெயிலுக்கு. சம்மதமா என்று கேட்டார். மறுநாள் மாதையன் அண்ணனையும் கூட்டிப்போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

கடை மூடிய மறுநாள் மாலை, சவரி பழையபடி பெஞ்சு மேல் ஏறிக் குடுக்கையை அவிழ்த்தார். காய்ந்துபோன சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு நான் புதிதாகக் குழைத்து நிரப்பினேன். ஓரம் கட்டியிருந்த பழைய கலயங்களோடு இன்னொன்றும் சேர்த்துக் கழுவிக் கொடுத்தேன். மாதையன் அண்ணன் குடுக்கையை இடுப்பில் கட்டிக்கொண்டு தோப்புக்குப் போனார். 'கள்ளுக்கடை' என்றிருந்த போர்டில் 'கள்ளு' என்பதைச் சவரி சுரண்டி எடுத்து, லாரிக்கு அடிக்கிற பச்சைப் பெயின்டால் 'பதநீர்' என்று எழுதினார்.

நாலாவது கலயம்

காலையில் மாதையன் அண்ணன் பதினோரு கலயங்களை இறக்கி வைத்தார். வைத்துவிட்டு நகராமல் நின்றார்.

"தங்கச்சி, ஒரு மரத்துல தடவுனனா இல்லியான்னு நெனப்பே வரல," என்றார் மெதுவாக. "மூணு வருசமா சும்மா ஏறுன கையி."

எந்த மரம் என்று கேட்டேன். அதுதான் தெரியவில்லை என்றார். சரி, ஒவ்வொன்றாகக் குடித்துப் பார்த்துவிடுகிறேன் என்று மொந்தையை எடுத்தேன். அதற்குள் ஜீப் வந்து நின்றுவிட்டது.

யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறார்கள், பதநீர் என்று எழுதிவிட்டுக் கள் விற்கப் போகிறார்கள் என்று. இறங்கியவர் சின்ன வயது ஆபீசர். இஸ்திரி கலையாத சட்டை. ஜீப்பைப் பார்த்துக் கூட்டம் கூடிவிட்டது. அவர் கலயங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய், நாலாவதில் நின்றார்.

உள்ளே விரலை விட்டுத் துழாவினார். சாறு நுரை கட்டியிருந்ததால் விரலில் பட்டது சுண்ணாம்பா நுரையா என்று அவருக்குச் சந்தேகம். மோந்து பார்த்தார். அதிலும் திருப்தியில்லை. குடித்துப் பார்க்கவும் மனசில்லை. கள்ளையோ பதநீரையோ தான் ஆயுளில் தொட்டதில்லை என்று சொல்லிவிட்டு, கூட்டத்தைப் பார்த்து, உங்களில் கள்ளின் ருசி நன்றாகத் தெரிந்தவர் யார் என்று கேட்டார்.

கேள்வி வந்ததுதான் தாமதம், எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், பூட்டிய சாராயக்கடையின் படியில், நஞ்சப்பா உட்கார்ந்திருந்தார்.

சொந்தக்காரர்கள் முன்னால் நான் அவமானப்படுத்திய மனிதர். என் மண்ணை மிதிக்க மாட்டேன் என்று சொன்னவர். அவர் "புளிப்பு" என்று ஒரு சொல் சொன்னால் போதும். கடை போகும். அது கூடப் பரவாயில்லை, மாதையன் அண்ணன் போவார். உண்மையாகவே அது புளித்திருந்தால் அவர் பொய் சொல்ல வேண்டிய அவசியம் கூட இல்லை.

நஞ்சப்பா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். ரோட்டைத் தாண்டி, கொட்டகை வாசலில் ஒரு கணம் நின்று, உள்ளே காலை வைத்தார். ஆபீசர் தன் கையாலேயே நாலாவது கலயத்திலிருந்து ஊற்றிக் கொடுத்தார். நஞ்சப்பா இரண்டு கையாலும் வாங்கி, ஒரு சொட்டு தரையில் விட்டுக் கண்ணை மூடினார். மொந்தை முழுவதையும் குடித்து முடிக்கும் வரை நிறுத்தவில்லை. மாதையன் அண்ணன் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

நஞ்சப்பா மீசையைத் துடைத்தார். ஆபீசரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே சலித்த குரல்.

"ஏம்மா, இது பதநீம்மா."

ஆபீசர் நோட்டில் எழுதிக்கொண்டார். போகும்போது ஒரு மொந்தை கேட்டு வாங்கிக் குடித்தார், அது வேறு விஷயம். ஜீப் போனதும் நான் பதினோரு கலயத்திலும் ஊற்றிக் குடித்தேன். பதினொன்றும் தித்திப்பு. மாதையன் அண்ணனிடம் சொன்னேன். அவர் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அவருக்குத்தான் ஞாபகம் இல்லை. கை மறக்கவே இல்லை.

சவரி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நான் அழுதுகொண்டே அடுப்பை மூட்டினேன். அந்தக் கடை பச்சைப் பெயின்ட் போர்டோடு ரொம்ப வருஷம் நின்றது. என் பிள்ளைகள் இருவரும் அந்தக் கலயங்களில் இறங்கியதைக் கொண்டுதான் படித்தார்கள்.

அன்று கூட்டம் கலைந்த பிறகும் நஞ்சப்பா மட்டும் போகவில்லை. தன் பழைய பெஞ்சில், பழைய மூலையில் உட்கார்ந்துகொண்டார். இரண்டாவது வாங்கிக் குடித்தார். மரவள்ளி சாப்பிட்டார். மூன்றாவது வாங்கிக் குடித்தார். பிறகு காலி மொந்தையைத் தடுப்பின் மேல் வைத்து, அதை என் பக்கம் ஒரு விரலால் தள்ளினார்.

"இதுலயாவது நாலாவது உண்டா?"

ஊற்றினேன்.